பண்டாரியின் ரத்தமும் கவலை மீன் எண்ணெயும்

எங்கள் ஆய்வுக்கூடப் பணியாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி தம்பிமார்கள் மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். முழங்கால் வலி, கண் புரை, மின்வெட்டு என்று வருடத்துக்கு ஒரு காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இந்த வருடம் நான்காவது காரணம் கிடைக்கவில்லை. போதாததற்குப் போன மாதம் நாவலூரில் மகன் வீட்டில் ஒன்று நடந்தது.

மருமகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மீன் எண்ணெய் மாத்திரை. இன்னும் பிரிக்காத டப்பா. அறுபது என்று மேலே அச்சிட்டிருந்தது. திறந்து மேஜையில் கொட்டி எண்ணினேன். அறுபதுதான் இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"இதோட மூணாவது டப்பா மாமா. வெயிட் ஒரு கிலோகூடக் குறையல. நிறுத்திடட்டா?" என்றாள்.

"டாக்டர் எதுக்குக் கொடுத்தார்?"

"ரத்தத்துல ஏதோ கொழுப்பு ரொம்ப ஜாஸ்தின்னார். நான் வெயிட்டுக்குன்னு நினைச்சுத்தான் சாப்பிடறேன்."

ஒரு கிலோகூடக் குறையவில்லை. இந்த வாக்கியத்தை நாற்பது வருடங்களுக்கும் முன்னால் இன்னொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆகவே எழுதுகிறேன்.

நான் வேதியியல் படித்தவன். பிறகு சென்னையில் ஒரு வருடப் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணாடிக் குழாய்களைக் கழுவினேன். கழுவியதை மறுபடி கழுவு என்றார்கள். கழுவினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம்.

இன்றைய தம்பிகளுக்கு அந்த அறையைக் காட்டினால் கிடங்கு என்று நினைப்பார்கள். ஒரு ஜன்னல். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. ரத்தத்தைப் பிரிக்கக் கையால் சுற்றும் சுழற்றி ஒன்று. அதில் நான்கு குழாய்தான் போகும், மூன்று இருந்தால் நாலாவதில் தண்ணீர் ஊற்றிச் சமன் செய்ய வேண்டும். கண்ணாடி ஊசிக்குழல்களை வேகவைத்து எடுப்போம். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டுவோம். சர்க்கரை பார்க்க ரத்தத்தைத் தெளியவைத்து, செப்புக் கரைசல் சேர்த்துக் கொதிநீரில் வைத்து, ஏறும் நீலத்தை அளக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. மின்சாரம் போனால் அளக்கிற கருவி போய்விடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கொழுப்பைப் பார்க்க அங்கே வசதியே இல்லை. ரொம்பவும் தேவையென்றால் பனிக்கட்டி போட்ட குடுவையில் குழாயை வைத்து எடுத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். மற்றபடி எங்களிடம் இருந்தது ஒரு பழைய வழி. ரத்தத்தைச் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை, அதாவது சீரத்தை, தனிக் குழாயில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவோம். மறுநாள் காலையில் பார்த்தால், சாப்பிட்டுவிட்டு வந்த ஆளின் கொழுப்பு ஆடையாக மேலே மிதக்கும். ரத்தத்திலேயே ஊறிய கொழுப்பாக இருந்தால் அடிவரை கலங்கியிருக்கும். எவ்வளவு கலங்கல் என்று தெரிய, குழாய்த் தாங்கிக்குப் பின்னால் நான் ஒரு செய்தித்தாளை நிறுத்திவைப்பேன். குழாய் வழியாகச் சின்ன எழுத்து தெரிந்தால் நல்லது. தலைப்பு எழுத்து மட்டும் தெரிந்தால் சுமார். எதுவும் தெரியாவிட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

டாக்டர் என்றால் டாக்டர் ஞானமுத்து. நாசரேத் பக்கத்துக்காரர். ஒல்லி. சர்க்கரை நோய்ப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தார். யாரையும் நீ என்று சொல்லமாட்டார். வார்டைப் பெருக்குகிறவரையும் "வாங்க". குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் வேலை பார்த்த ஆறு வருடமும் எனக்குப் பரீட்சையாகவே போயிற்று. ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு குழாயில் பிரித்து, இரண்டு வேறு எண் போட்டு, வேறு வேறு நாளில் என்னிடம் அனுப்புவார். இரண்டு விடையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். விடை ஒத்துப்போனால் பாராட்டெல்லாம் கிடையாது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகுவார். ஒத்துப்போகாவிட்டால் மூடமாட்டார். திறந்த பேனாவோடு, "நமசிவாயம், இன்னொரு தடவை பாக்கலாமா?" என்பார். அதற்குக் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

ஒரு நாள் காலை நர்ஸ் அம்மா குளிர்பெட்டியைத் திறந்துவிட்டு, "யாருப்பா டெஸ்ட் ட்யூப்ல பால் ஊத்தி வெச்சது? பூனை வந்து உருட்டினா அப்புறம் என்னைக் கேக்காதீங்க!" என்று சத்தம் போட்டார். பால் இல்லை. அது காசிம் பாயின் சீரம்.

காசிம் பாய் பண்டாரி. கல்யாண வீட்டில் பெரிய தேக்சாவில் பிரியாணி சமைக்கிற தலைமைச் சமையல்காரரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். செங்கல்பட்டிலிருந்து கோவளம் வரை முஸ்லிம் கல்யாணம் என்றால் அவர்தான். நூற்றுப்பன்னிரண்டு கிலோ எடை. சர்க்கரையும் உண்டு. நடுவயிற்றில் ஆரம்பித்து முதுகைத் துளைக்கிற வலியோடு இரண்டு தடவை எங்கள் வார்டில் படுத்துத் தப்பியிருந்தார். முதல் தடவை அவர் கையில் ரத்தக் குழாயைத் தேடித் தேடி எனக்கு வேர்த்துவிட்டது. அவர் மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"இன்னா சாரே, தேடிக்கினே கீறே? உள்ளாற ரத்தம் கீதா, இல்ல குருமாவா?"

மறுநாள் குழாயை அவரிடமே காட்டினேன். காட்டியிருக்கக்கூடாதோ என்னவோ. கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, தேங்காப்பால் மாரி கீது?"

"உங்க ரத்தம்தான் பாய்."

"அட! மொதப் பாலா, மூணாம் பாலா?"

"முதல் பால்" என்றேன். அதுதான் உண்மை. அவர் சமையல்காரர், முதல் பாலின் கெட்டி அவருக்குத் தெரியும். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

டாக்டர் அவரை உட்காரவைத்துச் சொன்னார். "பாய், ரத்தத்துல கொழுப்பு இந்த அளவுக்கு ஏறினா கணையம் தாங்காது. வெந்து போகும். ரெண்டு தடவை வந்துட்டீங்க. மூணாவது தடவை வந்தா வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது."

"இன்னா பண்ணணும் டாக்டரே?"

"நெய், கறிக்கொழுப்பு, இனிப்பு எதுவும் கூடாது. பிரியாணியை ருசி பாக்கக்கூடாது."

"ருசி பாக்காத பண்டாரியா? துணி இல்லாத தையக்காரன் மாரி."

"மூக்கு இருக்கே."

பாய் யோசித்தார். "மூடியத் தெறந்து தம் ஒடைக்கறப்போ ஆவி சொல்லும். சரி, பாத்துக்கறேன்."

அந்தக் காலத்தில் டாக்டர் எங்கேயோ ஒன்று படித்திருந்தார். பனிப் பிரதேசத்தில் மீனும் கடல் பிராணிகளுமே தின்று வாழும் மக்களுக்கு ரத்தத்தில் இந்தக் கொழுப்பு குறைவு என்று. மீன் எண்ணெய் என்றால் எங்களுக்குத் தெரிந்தது குழந்தைகளுக்குக் கொடுக்கும் சுறா ஈரல் எண்ணெய். அதைப் பெரிய அளவில் கொடுத்தால் வைட்டமின் மிஞ்சி ஈரலைக் கெடுக்கும் என்று டாக்டர் வேண்டாம் என்றார். மீனின் உடம்பிலிருந்து எடுக்கிற எண்ணெய்தான் வேண்டும். தெற்கே சாளை என்று சொல்லும் கவலை மீனில் அது நிறைய. அதைக் காய்ச்சுகிற ஆள் கடலோரம் திருவிடந்தையில் இருந்தாள். பெயர் தேசம்மாள்.

சனிக்கிழமைதோறும் நான் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கே வேறு பஸ் மாறிப் போவேன். தேசம்மாள் பெரிய அலுமினியப் பானையில் மீனை வேகவைத்து, மிதக்கும் எண்ணெயைக் கொட்டாங்கச்சியால் வழித்தெடுத்துத் துணியில் வடிகட்டுவாள். நான் மணலில் நின்றுகொண்டு, பானை கழுவியாயிற்றா, துணி புதிதா, மீன் இன்றைய மீனா என்று கேட்டுக்கொண்டேயிருப்பேன்.

"மீனு பேரும் கவலை, வாங்க வர்ற ஆளும் கவலை" என்றாள் ஒருநாள். "யோவ் சாரு, கட்டுமரத்துக்குப் பூசற எண்ணெய மனுசன் வாயில ஊத்தறாரு உங்க டாக்டரு. உனக்கு இன்னா பயம்? நீயா குடிக்கப் போறே?"

திரும்பும்போது கண்டக்டர் என்னைப் படிக்கட்டுப் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார். "இன்னாயா அது, இந்த நாத்தம்?"

"மருந்து."

"மருந்தா? யாரைச் சாவடிக்க?"

பாட்டில்களைக் கழுத்துவரை நிரப்பி, காற்று புகாமல் மூடி, குளிர்பெட்டியில் வைப்பேன். எண்ணெய் சீக்கிரம் கெட்டுவிடும். மின்சாரம் போகிறபோதெல்லாம் ஓடிப்போய்ப் பனிக்கட்டி வாங்கி வருவேன்.

டாக்டர் பருத்த உடம்பும் சர்க்கரையும் உள்ள பதினான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார். சீட்டுப் போட்டு ஏழு பேருக்கு மீன் எண்ணெய், ஏழு பேருக்குக் கடலை எண்ணெய் என்று பிரித்தார். பாட்டில் எல்லாவற்றிலும் ஒரே பழுப்புக் காகிதம் சுற்றி எண் மட்டும் போட்டார். யாருக்கு எது என்று எனக்கும் தெரியக்கூடாது, நோயாளிக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் மனம் கணக்கைக் கெடுக்கும் என்றார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்றாம் நாளே, அடுத்த பாட்டிலுக்கு வந்தவர்கள் வராந்தாவில் ஏப்பம் விட்டார்கள். யார் மீன், யார் கடலை என்று வாசல் காவல்காரருக்கே தெரிந்துபோயிற்று. காசிம் பாய் மீன். அவர் விஷயத்தில் டாக்டர் சீட்டுப் போட்டுப் பார்க்கவில்லை. பாய்க்கு நேரமில்லை என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு மாதம் ஆயிற்று. பதினைந்து நாளைக்கு ஒருமுறை காலையில் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி ரத்தம் எடுத்தோம். கடலை எண்ணெய் குடித்தவர்கள் அப்படியே இருந்தார்கள். மீன் எண்ணெய் குடித்தவர்களுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. எல்லோருக்கும். குழாயில் ஆடை வேறு மிதந்தது. பாயின் குழாய்க்குப் பின்னால் ஓர் எழுத்தும் தெரியவில்லை. டாக்டர் மூன்று வாரம் பேனாவை மூடவேயில்லை. நான் கரைசல்களைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தேன். குழாய்களை மூன்று தடவை கழுவினேன். விடை மாறவில்லை.

"எண்ணெயை ஊத்தி எண்ணெயை எடுக்க நினைச்சது என் முட்டாள்தனம்" என்றார் டாக்டர். "இன்னொரு தடவை மட்டும் பாத்துட்டு நிறுத்திரலாம் நமசிவாயம். பாய்க்கு நாம கெடுதல் பண்றோமோன்னு பயமா இருக்கு."

அந்த வருடம் ரம்ஜான் ஆவணியில் வந்தது. கடைசித் தடவைக்கு முன்தினம் பாய் வந்து நின்றார்.

"சாரே, நோன்பு ஆரம்பிச்சிட்டுது. காலைல ரத்தம் எடுத்தா பொழுதுக்கும் மயக்கமா கெடப்பேன். பள்ளிவாசல்ல கேட்டுட்டேன், ஊசில எடுத்தா நோன்பு போவாதாம். ஆனா சாய்ங்காலம், நோன்பு தொறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால எடுத்துக்கோ. எடுத்த கையோட பேரிச்சம்பழம் வாயில போட்டுக்குவேன்."

எனக்குப் பிடிக்கவில்லை. பதினாலு பேரில் ஒருவருக்கு மட்டும் நேரம் மாற்றினால் கணக்கு என்ன ஆவது? டாக்டரிடம் போய்ப் புகார் மாதிரிச் சொன்னேன். "நோன்பு நோன்புதானே, விடுங்க" என்றார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பாய் வந்தார். மேல்சட்டைப் பையில் பேரீச்சம்பழம், கையில் ஒரு தூக்கில் எனக்கு நோன்புக் கஞ்சி. ரத்தம் எடுத்துச் சுற்றினேன். குழாயைத் தூக்கிப் பார்த்தேன். மோர்த் தண்ணீர் மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். தாங்கியில் வைத்தேன். பின்னால் செய்தித்தாளில் அரிசி விலை தெரிந்தது. சின்ன எழுத்து.

முதலில் தோன்றியது, குழாய் மாறிவிட்டது என்பதுதான். ஆனால் அந்த அறையில் அன்று வேறு குழாயே இல்லை. டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். வந்து பார்த்தார். மறுநாள் மாலையும் பாயை வரச்சொல்லி, இரண்டு குழாயில் இரண்டு எண் போட்டுக் கொடுத்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சர்க்கரையும் நன்றாக இறங்கியிருந்தது.

"பாய், நோன்புல என்ன மாத்தினீங்க? எண்ணெயை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லியே. விடியறதுக்கு முன்னால சஹர்ல, சாப்பாட்டோட குடிச்சிடறேன்."

"மத்த நாள்ல எப்பக் குடிப்பீங்க?"

"காலைல எழுந்த ஒடனே. அதானே மருந்து குடிக்கற நேரம்."

"இங்க ரத்தம் குடுக்க வர்ற அன்னைக்குமா?"

"பின்னே? மருந்தக் குடிச்சியான்னு நீங்க கேட்டா இன்னா சொல்றது?"

டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "வெறும் வயித்தோடன்னு சொன்னோமே பாய்?"

"வெறும் வயிறுதான். நாஸ்தா துண்ணவே இல்ல. எண்ணெய்யும் அரை அச்சு வெல்லமும்தான்."

"வெல்லமா?"

"அந்த நாத்தத்துக்கு வெறுமனே எறங்குமா டாக்டரே? வெல்லத்தக் கடிச்சிக்கினாத்தான் எறங்குது. அது அனுபானம்தானே, சாப்பாட்டுல சேத்தியா?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். நோயாளி நிற்க அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் மீன் எண்ணெய்க்காரர்கள் ஏழு பேரையும் கூப்பிட்டுக் கேட்டோம். ஐந்து பேர் வெல்லம். ஒருவர் தேன். ஒரு அம்மாள் எண்ணெயைக் காப்பியிலேயே கலந்து குடித்திருந்தாள். நாட்டு மருந்து எதையும் தேனிலோ வெல்லத்திலோ குழைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மருந்தோடு போவது மருந்து. அது தின்பண்டம் ஆகாது. கடலை எண்ணெய் நாறவில்லை, ஆகவே அவர்கள் அதை மதியச் சோற்றிலேயே விட்டுக்கொண்டார்கள், வெல்லம் தேவைப்படவில்லை. இரண்டு மாதமாக நாங்கள் அளந்துகொண்டிருந்தது மீன் எண்ணெயை அல்ல; ரத்தம் கொடுக்கிற அன்று காலையில் கடித்த வெல்லத்தையும் குடித்த எண்ணெயையும்தான். படித்தவர்கள் நாங்கள் இருவர் இருந்தோம். இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். எண்ணெய் இனி இரவுச் சாப்பாட்டோடு. வெல்லம் கிடையாது, வேண்டுமானால் ஒரு துண்டு நார்த்தங்காய். ரத்தம் எடுக்கிற காலையில் ஒன்றும் கூடாது. அதை எப்படிச் சொல்வது என்பதில் எனக்குத் தலைவேதனை. "விரதம் மாதிரி வாங்க" என்றேன். ஒரு அம்மாள் பாலும் பழமும் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றாள். விரதத்துக்கு அது உண்டுதானே. கடைசியில், "பாய் வீட்டு நோன்பு மாதிரி வாங்க" என்றேன். எல்லோருக்கும் புரிந்தது. சிலர் எச்சில்கூட விழுங்காமல் வந்து வராந்தாவில் துப்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்கலாம் என்று தனியாக வேறு சொல்ல வேண்டியதாயிற்று.

நான்கு மாதம் கழித்து எல்லாக் குழாய்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். சென்னைக்கும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டி வந்தேன். சர்க்கரையில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எடையில் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் மீன் எண்ணெய்க்காரர்களின் குழாய்கள் தெளிந்திருந்தன. அதிகம் கலங்கியிருந்தவர்களுக்கு அதிகத் தெளிவு. நோன்பு முடிந்து மாதக்கணக்கான பிறகும் பாயின் குழாய் வழியாகச் சின்ன எழுத்து தெரிந்தது. டாக்டர் பேனாவை மூடிச் செருகினார்.

"பதினாலு பேரை வெச்சு ஊருக்குச் சொல்ல முடியாது நமசிவாயம். இது இளைக்கிற மருந்து இல்ல. சர்க்கரை மருந்தும் இல்ல. ஒண்ணே ஒண்ணு செய்யுது போல. அந்த ஒண்ணுதான் பாய்க்குத் தேவை."

அடுத்த வருடம் அவருக்கு மாற்றல் வந்தது. தர்மபுரிப் பக்கம். பதினாலு பேரில் மற்றவர்கள் அத்தோடு கலைந்தார்கள். எனக்கும் திருவிடந்தைப் பயணம் நின்றது. பஸ்ஸில் நின்று நின்று வந்த முதுகு வலி மட்டும் நிற்கவில்லை. போவதற்கு முன் டாக்டர் பாயைக் கூப்பிட்டு, "இதை மட்டும் விட்டுராதீங்க" என்றார். பாய் விடவில்லை. கோவளம் பக்கம் சமைக்கப் போகும்போது தேசம்மாளிடம் தானே பாட்டில் வாங்கிக்கொள்வார். மாதம் ஒருமுறை நோன்பு வயிற்றோடு என் ஜன்னலுக்கு வருவார். "எழுத்து தெரியுதா நைனா?" என்பார். "தெரியுது பாய்" என்பேன். ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. அந்த ஒன்றரை வருடத்தில் வலி வரவில்லை.

ஆனால் அவருக்கு வேறொரு பழக்கமும் இருந்தது. என்னிடம் வருமுன் ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறிக் காசு போடுவார். ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார்.

"பாரு. நூத்திப் பன்னெண்டு. பின்னால இன்னா போட்டுக்கீது?"

"உங்கள் முயற்சி வெற்றி பெறும்."

"போன மாசமும் இதான். எடையும் இதான், ஜோசியமும் இதான். மிஷினுக்கே என்னப் பாத்துப் பாத்து பேஜாராயிட்டிருக்கும்."

நான் சிரித்தேன். அட்டையில் எண் மாறவில்லை என்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லாத எண் என்று எனக்குத் தெரியும். அதனால் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் வீட்டில் அது ஒன்றுதான் எண்.

பிறகு இரண்டு மாதம் அவர் வரவில்லை. மூன்றாம் மாதம் கடைத்தெருவில் மசாலாக் கடை வாசலில் பிடித்தேன்.

"எண்ணெய நிறுத்திட்டேன் நைனா."

"ஏன் பாய்?"

"ஊட்டுல ஒரே ரகளை. பேரப் பசங்க கிட்ட வரமாட்டேங்குதுங்க, தாத்தா மேல கருவாட்டு நாத்தம்னு. சரி, அதுனாச்சும் போவுது. பொஞ்சாதி ஹலீமா அட்டையெல்லாம் எடுத்து வெச்சி அடுக்கிக் காட்டறா. ஒரு கிலோகூட கொறையல. அப்புறம் இன்னாத்துக்கு இந்த நாத்தம்ன்றா. நான் இன்னா சொல்ல?"

"எழுத்து தெரிஞ்சதே பாய்! அதைச் சொல்லக் கூடாதா?"

"எழுத்து உனக்குத் தெரியுது. எங்களுக்கு இந்த அட்டதானே தெரியுது."

ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். கல்யாண சீசன் முடியட்டும், கட்டாயம் வருகிறேன் என்றார். இன்னும் ஒன்பது கல்யாணம் கையில் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். இப்போதெல்லாம் கரண்டியில் கொஞ்சம் ருசியும் பார்ப்பதாகச் சொன்னார், வெட்கத்தோடு. டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். எப்படியாவது கூட்டி வாருங்கள் என்று பதில் வந்தது. இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவையும் சமையலுக்குப் போயிருந்தார்.

போன மாதம் நாவலூரில் மருமகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தேன். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ரத்தச் சீட்டைக் காட்டி, எது குறைந்தது எது குறையவில்லை என்று கேட்டுவிட்டு வா, அதற்கப்புறம் தூக்கிப் போடு என்றேன். "ஏன் மாமா இவ்ளோ டென்ஷன் ஆவறீங்க?" என்றாள். கேட்டு வருவாளா தெரியாது.

பாய் விரல் விட்ட ஒன்பது கல்யாணத்தில் ஏழாவது கோவளத்தில். தேக்சா பக்கத்திலேயே பாய் மடங்கி விழுந்துவிட்டார் என்று வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். புது டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை ரத்தக் குழாயை நான் தேடவில்லை. அந்தக் கை எனக்குப் பழக்கம். பாய் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, வலியில் முடியாமல் விட்டுவிட்டார்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்து சுற்றினேன். திரும்பினால் வாசலில் ஹலீமா அம்மாள் நின்றிருந்தாள். அதுவரை அவள் அந்த அறைக்கு வந்ததில்லை. முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எட கொறையலேன்னு நான்தான் சாரு நிறுத்தச் சொன்னேன்" என்றாள். "எழுத்து எழுத்துன்னு சொல்லிக்கினே இருப்பாரு. தெரியுதா சாரு?"

குழாயைத் தாங்கியில் வைத்தேன். பழக்கத்தில் அன்றைய செய்தித்தாள் பின்னால் நின்றுகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பகலில் பாய் போய்விட்டார். அந்தக் குழாயைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை. வேறு யாரோ கழுவினார்கள். அன்றைய தாளில் என்ன செய்தி வந்திருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.